துளையும் தெளிவும்: ஒளிப்படக் கலையில் புல ஆழத்தின் வரலாறு

ஒளிப்படக் கேமராவின் லென்ஸுக்குள் இருக்கும் அப்பர்ச்சர் என்னும் துளை, காட்சியில் எது தெளிவாக நிற்க வேண்டும், எது மங்கிப் பின்வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்காகப் பிறந்ததல்ல. கண்ணாடியின் குறையை மறைப்பதற்காகவே அது முதலில் கையாளப்பட்டது. வெனிஸ் நகரத்து அறிஞர் டேனியேலே பார்பரோ 1568இல் வெளியிட்ட ஓவிய வரைகலை நூலில், இருட்டறைச் சுவரின் ஓட்டையில் முதியோர் மூக்குக்கண்ணாடியின் குவிவில்லையைப் பொருத்தி, அதன் விளிம்பை மூடி நடுப்பகுதியை மட்டும் திறந்து வைத்தால், எதிரே தாளில் விழும் பிம்பம் முன்னைவிடத் தெளிவடையும் என்று வழி சொல்லியிருக்கிறார். வில்லையின் விளிம்பு வழியாக நுழையும் கதிர்கள், நடுவழியாக நுழையும் கதிர்கள் கூடும் இடத்தில் கூடுவதில்லை. கோளப் பிறழ்ச்சி எனப்படும் இக்குறையைத் தீர்க்க அக்காலத்தவருக்குத் தெரிந்த எளிய வழி விளிம்பை மறைப்பதே. விளிம்பை மறைத்ததும் அருகிலுள்ளவையும் தொலைவிலுள்ளவையும் ஒருசேரத் தெளிவது கூடவே கிடைத்த பயனாயிற்று. அந்தப் பயனைப் பெருக்கவும் குறைக்கவும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொலைவில் உள்ளதை மட்டுமே புள்ளிக்குப் புள்ளியாகப் பதிக்க வல்லது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொருள்களிலிருந்து வரும் ஒளிக்கூம்பின் முனை ஒளி பதியும் தகட்டின்மீது சரியாக விழாமல் தகட்டைத் தாண்டியோ தகட்டுக்கு முன்னாலோ அமைவதால், அவற்றின் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பதிகிறது. துளை சிறுத்தால் கூம்பு மெலியும். கூம்பு மெலிந்தால் வட்டமும் சிறுக்கும். ஓர் அளவுக்குக் கீழே சிறுத்த வட்டத்தை மனிதக் கண் புள்ளியென்றே ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு கண் ஏற்றுக்கொள்ளும் வட்டங்களைத் தரும் தூரப்பரப்பு முழுவதையும், தொழிலில் இருப்போர் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று வழங்கும் புல ஆழம் என்கிறோம். லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். ஆகவே எண் ஏற ஏறத் துளை இறங்கும். 50 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸை 3 மீட்டர் தொலைவில் நிற்பவர்மீது ஃபோகஸ் செய்து, 35 மி.மீ. ஃபிலிமுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் 0.03 மி.மீ. வட்டத்தை எல்லையாக வைத்துக் கணக்கிட்டால், எஃப்/2 துளையில் ஏறத்தாழ 2.8 மீட்டர் முதல் 3.2 மீட்டர் வரை உள்ளவை மட்டுமே தெளிவாகத் தெரியும். எஃப்/16 துளையிலோ அந்தத் தெளிவு 1.9 மீட்டரில் தொடங்கி ஏறத்தாழ 7 மீட்டர் வரை நீளும். இக்கணக்கில் ஒளியின் போக்கு இயற்கை விதித்தது, 0.03 என்ற எல்லை மட்டும் மனிதர் தமக்குள் ஒப்புக்கொண்டது. அதே நெகட்டிவைச் சுவரளவு பெரிதாக்கி அருகில் நின்று பார்த்தால் அந்த எல்லை போதாமல் போகும். எது தெளிவு என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இத்துறையின் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப எழுந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1839இல் தாகேர் தம் ஒளிப்பட முறையைப் பாரிஸில் வெளியிட்டபோது அவருடைய கேமராவுக்குச் சார்ல் செவாலியே செய்து கொடுத்த லென்ஸ், முன்புறத்தில் தடுப்புத் துளையுடன், இன்றைய கணக்கில் எஃப்/16ஐ ஒட்டிய அளவில் வேலை செய்தது. அவ்வளவு சிறிய துளையில் தெருவும் கூரைகளும் தொலைவில் உள்ள கோபுரமும் ஒன்றுபோலத் தெளிந்தன. ஆனால் வெளிச்சமான பகலிலும் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்ததால் மனித முகம் எளிதில் அகப்படவில்லை. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால் இக்குறையைத் தீர்க்கக் கணக்கில் இறங்கினார். நீண்ட பெருக்கல்களுக்குத் துணையாக ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் கணக்குத் தெரிந்த வீரர்கள் அவருக்கு அளிக்கப்பட்டனர். 1840இல் உருவாகி ஃபோய்க்ட்லேண்டர் நிறுவனத்தால் விற்கப்பட்ட அந்த முகப்பட லென்ஸ் ஏறத்தாழ எஃப்/3.6 அளவுக்குத் திறந்தது; பழைய லென்ஸோடு ஒப்பிட்டால் இருபது மடங்கை ஒட்டிய ஒளியை அது உள்ளே விட்டது. புல ஆழம் குறுகியதை ஒளிப்படக்காரர்கள் முதன்முதலாக ஒரு தொல்லையாக உணர்ந்தது இந்த லென்ஸோடுதான். கண் தெளிந்தால் காது மங்கியது, மூக்கு தெளிந்தால் மயிர் மங்கியது. படத்தின் நடுப்பகுதி கூர்மையாக நிற்க, ஓரங்கள் குழைந்து சுழன்றன.

தொல்லையைத் தன் விருப்பத்துக்கு ஏற்பக் கையாளும் வசதி 1858இல் வந்தது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ், லென்ஸின் பித்தளைக் குழாயில் ஒரு பிளவு வெட்டி, வெவ்வேறு அளவில் துளையிட்ட மெல்லிய தகடுகளை அதன் வழியே செருகும் முறையை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன் துளையை மாற்ற வேண்டுமானால் பல லென்ஸ்களில் முன்கண்ணாடியையே கழற்ற வேண்டியிருந்தது. இப்போது கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, சொரசொரப்பான கண்ணாடித் திரையில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பெரிய துளையில் ஃபோகஸ் செய்துவிட்டு, கையை மட்டும் வெளியே நீட்டித் தகட்டைச் செருகினால் போதும்: திரை சட்டென்று இருளும், அந்த இருட்டுக்குள் அதுவரை கரைந்து கிடந்த பின்னணி மெல்லத் திரண்டு கோடும் விளிம்புமாக எழும். புல ஆழம் என்பது கண்ணெதிரே கூடிக் குறைவதை ஒளிப்படக்காரர் இப்படித்தான் கண்டறிந்தார். சூத்திரங்கள் பின்னால் வந்தன.

அதே 1858இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் ஆகிய ஊர்களின் கோயில்களையும் மண்டபங்களையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்துகொண்டிருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக அவர் ஒட்டிச் சேர்த்தது பலரும் அறிந்தது. கல்வெட்டு ஒரு தட்டையான சுவர். அங்கே புல ஆழத்துக்குப் பெரிய வேலை இல்லை. மதுரைப் புதுமண்டபம் அப்படியல்ல: கேமராவுக்குச் சில அடி முன்னால் தொடங்கும் தூண் வரிசை உள்ளிருட்டை நோக்கி நீண்டு செல்கிறது, முன் தூணின் சிற்பமும் கடைசித் தூணின் நிழலும் ஒரே தாளில் நிலைபெற வேண்டுமானால் சிறு துளையும் அதற்கு விலையாக நெடுநேரப் பொறுமையும் தேவை. அரசுக்கு வேண்டியது ஆவணம் என்பதால், ஒரு பகுதியை மங்கவிடும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. ஆவணம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, ஒளிப்படக்காரரின் கை துளையைச் சிறுக்கவே செய்யும் என்ற நிலையை உலகின் பல பகுதிகளிலும் ஏற்படுத்தியது.

அந்த எதிர்பார்ப்பை வெளிப்படையாக மறுத்தவர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்து, இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த அவருக்கு 48ஆம் வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். கோழி அடைத்த கொட்டகையைக் கண்ணாடி அறையாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு, பாரிஸ் நகரத்து ஜாமின் லென்ஸால் அவர் எடுத்த முகப்படங்களில் தெளிவு ஒரு கண்ணிமையில் நின்று, கன்னத்தைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். ஃபோகஸ் திருகைச் சுழற்றி வருகையில் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைவரை அதைக் கொண்டுபோகவில்லை என்றும் அவரே 1874இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் விளக்கியிருக்கிறார். சில ஆண்டுகளில் அவர் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகட்டுக்கும், டால்மையர் நிறுவனத்தின் நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸுக்கும் மாறினார். முகத்தை உயிரளவை நெருங்கும் அளவில் பதிக்கத் தொடங்கினார். முகம் பாதி உயிரளவில் பதியும்போது எஃப்/8 துளையில்கூடப் புல ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால், கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தெளிவு தருவது அந்த லென்ஸாலும் ஆகாத காரியம். மிகச் சிறிய துளைக்குப் போயிருந்தால், ஏற்கெனவே பல நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் பல மடங்கு நேரம் உட்கார நேர்ந்திருக்கும்.

லண்டன் ஒளிப்பட இதழ்கள் அவரைக் கடுமையாகச் சாடின; படங்களின் கற்பனையைப் பாராட்டியவர்களும் கைத்தொழில் தெரியாதவர் என்றே அவரை ஒதுக்கினர். 1864இன் இறுதியில் தம் நெடுநாள் நண்பரும் ஒளிப்பட வேதியியலின் முன்னோடியுமான வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், ஃபோகஸ் என்றால் என்ன, எந்த ஃபோகஸ் முறையானது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்று அவர் கேட்டார். ஒளிப்படக் கலையைப் பற்றி அந்த நூற்றாண்டில் எழுந்த கேள்விகளில் இதைவிடக் கூரியது இல்லை என்றே சொல்ல வேண்டும். எதிர்ப்பாளர்களிடமும் நியாயம் ஒன்று இருந்தது: அவருடைய படங்களின் மென்மையில் ஒரு பகுதி உட்கார்ந்தவரின் அசைவாலும், தகட்டில் கைபட்ட கறையாலும் வந்தது, அவற்றைப் புல ஆழத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் எதைத் தெளியவிடுவது என்ற தேர்வு அவருடையது என்பதில் ஐயமில்லை. கணவரின் காப்பித் தோட்டங்களை ஒட்டி 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்ட கேமரன், இலங்கையில் எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறையின் குடியானவர்களும், தமிழகத்திலிருந்து சென்ற கூலிகளே பெரும்பாலோராக இருந்த தோட்டங்களின் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். கவிஞர் டென்னிசனும் அறிவியலாளர் டார்வினும் பெயரோடு நிற்கும் அதே படைப்புத் தொகுப்பில் இவர்கள் பெயரின்றி நிற்பது, படம் பார்ப்பவர் மறந்துவிடக் கூடாத குறை.

எல்லாத் தளங்களும் தெளிய வேண்டும் என்போர் வேறு வழியும் கண்டிருந்தனர். ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857இலும், ஹென்றி பீச் ராபின்சன் 1858இலும், பல நெகட்டிவ்களில் தனித்தனியாக எடுத்த பகுதிகளை ஒரே தாளில் அச்சிட்டு இணைத்தனர். ஒரு லென்ஸின் புல ஆழம் எட்டாத இடத்தை இந்த இணைப்பு அச்சு எட்டியது. இவர்களுக்கு எதிராகக் கிளம்பிய பீட்டர் ஹென்றி எமர்சன் என்னும் மருத்துவர், 1889இல் வெளிவந்த தம் நூலில் ஜெர்மன் உடலியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பார்வை ஆய்வைத் துணைக்கழைத்தார்: கண் ஒரு நேரத்தில் பார்வையின் நடுவில் உள்ளதை மட்டுமே கூர்மையாகக் காண்கிறது, ஆகவே ஒளிப்படமும் முக்கியப் பொருளில் தெளிவை வைத்து மற்றவற்றைச் சற்றே தளர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். கண் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பதையும், நகர்ந்த இடமெல்லாம் தெளிவதையும் இந்த வாதம் கணக்கில் கொள்ளவில்லை. என்றாலும் துளையின் அளவைப் பார்வையின் இயல்போடு சேர்த்துச் சிந்தித்த முதல் முழுமையான கோட்பாடு இதுவே. நூல் வெளிவந்து இரண்டாண்டு நிறைவதற்குள் எமர்சன் தாமே அதைக் கைவிட்டு, கறுப்பு ஓரமிட்ட சிற்றேடு ஒன்றால் அக்கோட்பாட்டின் மரணத்தை அறிவித்தார்.

இதற்கிடையே துளைக்கு எண்கள் ஏற்பட்டன. ஆளுக்கொரு தகட்டு வரிசை வைத்திருந்த நிலையை மாற்ற, பிரிட்டனின் ஒளிப்படச் சங்கம் 1881இல் ஒரு சீர்முறையை வகுத்தது. எஃப்/4 துளையை 1 என்று வைத்து, ஒளி பாதியாகும் ஒவ்வொரு படியிலும் எண்ணை இரட்டிப்பாக்கியது. எஃப்/8 அதில் 4, எஃப்/11 அதில் 8. 16 என்ற எண் மட்டும் இரண்டு முறையிலும் ஒன்றாக நின்றது. பழைய கோடக் கேமராக்கள் சிலவற்றில் காணப்படும் விளங்காத எண்கள் இந்த முறையைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் 4.5, 6.3, 9 என்று ஏறும் வரிசையும் வழங்கியது. இவற்றைக் கடந்தே 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் இன்றைய வரிசை நிலைபெற்றது. ஒன்றன்மேல் ஒன்று படியும் மெல்லிய இதழ்களை ஒரு வளையத்தைச் சுழற்றியே விரிக்கவும் சுருக்கவும் முடிகிற கருவிழி போன்ற அமைப்பு, செருகு தகடுகளைப் படிப்படியாக வழக்கொழித்தது. பெருவாரியான மக்களுக்கு இந்த எண்கள் எதுவும் எட்டவில்லை: ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்பனைக்கு விட்ட கோடக் கேமராவில் துளையும் ஃபோகஸும் நிலையாக அமைக்கப்பட்டிருந்தன, சில அடிகளுக்கு அப்பால் எல்லாமே ஓரளவு தெளியும்படி தயாரிப்பாளரே முடிவெடுத்து வைத்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியத்தன்மையை நாடிய ஒளிப்படக்காரர்கள், கோளப் பிறழ்ச்சியை வேண்டுமென்றே விட்டு வைத்த மென்மை லென்ஸ்களை விரும்பி வாங்கினர். பாஸ்டன் நகரத்து பிங்கம் அண்ட் ஸ்மித் நிறுவனத்தின் லென்ஸ்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. இவற்றில் துளைக்கு இரட்டை வேலை உண்டு: முழுதும் திறந்தால் தெளிந்த பிம்பத்தின்மேல் ஓர் ஒளிப்படலம் படரும், சிறுக்கிக்கொண்டே வந்தால் படலம் விலகி வழக்கமான கூர்மை திரும்பும். பார்பரோ காலத்தில் மறைக்கப்பட்ட குறை இப்போது விலைகொடுத்து வாங்கும் குணமாயிற்று.

இதற்கு எதிர்வினை கலிபோர்னியாவில் எழுந்தது. 1932 நவம்பர் 15ஆம் நாள் சான்ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக் முதலிய எழுவர், அழைக்கப்பட்ட நால்வரோடு சேர்ந்து காட்சி வைத்தபோது, தம் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயரிட்டிருந்தனர். ஒரு லென்ஸ் எண்ணையே கொடியாக உயர்த்திய கலைக்குழு அது. 8 அங்குலத்துக்கு 10 அங்குல ஃபிலிம் கேமராவில் 300 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், எஃப்/64 துளையின் விட்டம் 5 மி.மீ.க்கும் குறைவு, எஃப்/8ஐவிட 64 மடங்கு நேரம் ஒளி விழ வேண்டும். பதிலுக்கு 7 மீட்டரை ஒட்டிய தொலைவில் ஃபோகஸ் வைத்தால், 4 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் உள்ள கல்லிலிருந்து அடிவானத்து மலைவரை எல்லாம் தெளியும். அடிவானத்தையும் தெளிவுக்குள் கொண்டுவரும் மிக அருகிலுள்ள ஃபோகஸ் தூரத்தை ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பர். வெஸ்டன் 1930இல் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த குடைமிளகாய்ப் படம், இதே கொள்கையை ஒரு கையளவுப் பொருளில் செய்து காட்டியது: தோலின் ஒவ்வொரு மடிப்பும் உடலின் தசைபோல் திரண்டு நிற்க, எந்த இடமும் மங்கிப் போகவில்லை.

எஃப்/64 பெரிய ஃபிலிமுக்கு மட்டுமே பொருந்தும் அளவு என்பதை அக்குழுவைப் பின்பற்றியவர்கள் சிலர் கவனிக்கவில்லை. துளை மிகவும் சிறுத்தால் அதன் ஓரத்தில் ஒளி வளைந்து, புள்ளியே பரந்துவிடும். விளிம்பு விளைவு எனப்படும் இது எஃப்/64இல் ஏறத்தாழ 0.09 மி.மீ. அகலமுள்ள வட்டத்தை உண்டாக்குகிறது. பெரிய நெகட்டிவைப் பெரிதாக்காமல் அதே அளவில் தாளோடு ஒட்டி அச்சிட்ட ஆடம்ஸுக்கும் வெஸ்டனுக்கும் அது கண்ணுக்குப் புலப்படாத அளவு, 35 மி.மீ. ஃபிலிமை எட்டு மடங்கு பெரிதாக்குபவருக்கோ 0.7 மி.மீ. கறை. தெளிவுக்காகத் துளையைச் சிறுக்கியவர் தெளிவையே இழக்கும் எல்லை இது. கலைக்கொள்கை என்று அறிவிக்கப்பட்டதன் அடியில் ஃபிலிமின் அளவு என்ற பௌதிகக் காரணமும் சேர்ந்தே இருந்தது.

சிறு கேமராக்கள் பெருகியபோது துளை மறுபடியும் விரிந்தது. 1924இல் வந்த எர்மானாக்ஸ் கேமராவின் எஃப்/2 லென்ஸும், அதனினும் பெரிதாகத் திறந்த அடுத்த லென்ஸும், எரிக் சாலமன் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் பளிச்சொளி இன்றி, உட்கார்ந்திருப்போர் அறியாமல் படம் எடுக்க வழிசெய்தன. பின்னணி மங்கியது அங்கே அழகுக்காக அல்ல, வெளிச்சம் போதாமையால்.

திரைப்படத்தில் கிரெக் டோலண்ட் எதிர்த்திசையில் சென்றார். 1941இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய சிட்டிசன் கேன் படத்துக்கு, அகலக்கோண லென்ஸ், வேக ஃபிலிம், வில்விளக்குகளின் பேரொளி ஆகியவற்றைக் கூட்டி எஃப்/8 முதல் எஃப்/16 வரை துளையைச் சிறுக்கி, முன்னால் பேசுபவரும் கோடியில் கதவருகே நிற்பவரும் ஒரே தெளிவில் நடிக்கும் காட்சிகளை அவர் அமைத்தார். பார்வையாளர் எதைப் பார்ப்பது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் விடுதலையை இது தருகிறது என்று பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான் வாதிட்டார். அப்படத்தில் பெரிதும் பேசப்படும் காட்சி ஒன்று, முன்னால் மருந்துக் குவளையும் நடுவே படுக்கையில் சூசன் என்னும் பாத்திரமும் பின்னால் கதவும் தெரிவது, உண்மையில் ஒரே துளையின் சாதனை அல்ல. முன்பகுதியை ஒளியூட்டிப் பதித்துவிட்டு, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மற்றப் பகுதியை மறுமுறை பதித்தனர். ரெய்லாண்டரின் இணைப்பு அச்சுக்கு நெருங்கிய உறவு அது.

ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளியிட்ட பாரி லிண்டன் படத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் மட்டும் எடுக்கப்பட்ட அறைக் காட்சிகளுக்கு, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் வடித்த எஃப்/0.7 லென்ஸ் பயன்பட்டது. துளை குவியத் தொலைவையே விஞ்சிய அந்த லென்ஸில் புல ஆழம் மிகக் குறுகியதால் நடிகர்கள் முன்னோ பின்னோ சாயாமல் நடிக்க வேண்டியிருந்தது. ஃபோகஸ் உதவியாளர், பக்கவாட்டில் செங்கோணத்தில் வைத்த வீடியோ கேமராவின் திரையில் அவர்கள் தலை நிற்கும் இடத்தை அளந்துகொண்டே லென்ஸைத் திருப்பினார். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியத்தின் நிச்சலனம் என்று போற்றப்படும் அக்காட்சிகளின் அசையாமையில் ஒரு பங்கு இந்தக் கட்டாயத்தால் விளைந்தது.

கைபேசிக் கேமராவில் உணரி மிகச் சிறியது. லென்ஸின் குவியத் தொலைவும் சில மில்லிமீட்டர்களே. அதனால் எஃப்/1.8 போன்ற பெரிய துளையிலும் காட்சி பெரும்பாலும் முழுதும் தெளிகிறது. பெரும்பாலான கைபேசிகளில் துளையை மாற்றவும் வழியில்லை. ஆப்பிள் நிறுவனம் 2016இல் ஐஃபோன் 7 பிளஸில் கொண்டுவந்த முகப்பட முறை, இரண்டு லென்ஸ்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுப் பின்னணியை மென்பொருளால் மங்கச் செய்தது. 2018இன் சில கைபேசிகளில் எஃப்/1.4 முதல் எஃப்/16 வரை எண்களை நகர்த்தி, எடுத்து முடித்த படத்திலேயே மங்கலைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. லென்ஸில் மங்கல் தூரத்தோடு படிப்படியாகக் கூடும். கணக்கிட்ட மங்கலோ தூரத்தை ஊகிப்பதில் பிழைத்த இடங்களில், குறிப்பாகக் கலைந்த முடியின் ஓரத்திலும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பிலும், திடீரென்று வெட்டுப்படும். எஃப்/1.4 என்று திரையில் காட்டும் அந்த எண்ணுக்கு ஈடான துளை அக்கருவியில் எங்கும் இல்லை. அதன் தெளிவின் எல்லையை வகுப்பவர் மென்பொருள் எழுதிய பொறியாளர்.